‘எல்லாச் சட்டங்களையும் பின்பற்ற வேண்டும்’ என்று எழுதினால் போதுமா?

ஒப்பந்தம் எழுதுவதும் படிப்பதும்தான் பதினாறு வருடமாக என் பிழைப்பு. முதல் பத்து வருடம் பொருள் வாங்கும் கம்பெனியில், அப்புறம் பொருள் செய்து கொடுக்கும் கம்பெனியில். ஆக, இரண்டு தரப்பின் புலம்பலும் எனக்கு அத்துபடி.

வாங்கும் பக்கம் இருந்தபோது நான் எழுதிய ஒப்பந்தங்களில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: ‘சப்ளையர் தமக்குப் பொருந்தும் எல்லாச் சட்டங்களையும், தொழிலாளர் சட்டங்களையும், தொழில்துறை நெறிகளையும் பின்பற்ற வேண்டும்.’ பழைய ஒப்பந்தத்திலிருந்து எடுத்துப் புதியதில் ஒட்டுவேன். யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. விலைக்கும் தேதிக்கும் மூன்று நாள் சண்டை போடுகிறவர்கள் இந்த வரியை மட்டும் ஏன் பேசாமல் தாண்டிப் போகிறார்கள் என்று நானும் யோசித்ததில்லை.

ஒரு தடவை ஆடிட் போனவர் வருகைப் பதிவேட்டின் நகலை அனுப்பினார். நாற்பது பேர், ஒரு மாதம். எல்லோரும் உள்ளே வந்தது 9.00, வெளியே போனது 5.30. வார விடுமுறை நாளன்றும் அதே 9.00, அதே 5.30. ஒரே கையெழுத்து, ஒரே மை. மாதக் கடைசியில் யாரோ உட்கார்ந்து ஒரே மூச்சில் நிரப்பியிருக்கிறார்கள். நிரப்புகிற வேகத்தில் விடுமுறையை விட மறந்துவிட்டார்கள். சரி, ஒப்பந்த மீறல் என்று கடிதம் போட்டேன். எதிர்த்தரப்பு வக்கீலிடமிருந்து நான்கு கேள்விகளோடு பதில் வந்தது. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு? எந்த நெறி, எந்த வருடப் பதிப்பு? மீறல் என்று முடிவு செய்ய வேண்டியது யார்? மீறினால் என்ன ஆகும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

நான்கிற்கும் என் ஒப்பந்தத்தில் பதில் இல்லை. அதற்கப்புறம் இந்த ஷரத்தை நான் எழுதும் விதமே மாறிப்போனது. அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

சட்டம் வேறு, நெறி வேறு

சட்டம், நீங்கள் ஒப்பந்தத்தில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் சப்ளையரைக் கட்டுப்படுத்தும். பிறகு எதற்கு எழுத வேண்டும்? எழுதினால்தான் உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும். எழுதாதவரை சட்டமீறல் என்பது அந்த நாட்டு அரசுக்கும் சப்ளையருக்கும் இடையிலான விவகாரம். எழுதிவிட்டால் பதிவேட்டைக் காட்டு என்று கேட்க, திருத்து என்று சொல்ல, பணத்தை நிறுத்திவைக்க உங்களுக்கும் உரிமை வந்துவிடுகிறது.

நெறி அப்படியில்லை. அது ஏதோ ஒரு கூட்டமைப்பு எழுதி வைத்த காகிதம். ஒப்பந்தத்துக்குள் பெயர் சொல்லி இழுத்து வந்தால்தான் அதற்கு உயிர். ‘தொழில்துறை நெறிகள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் நீங்கள் எதையும் இழுத்து வரவில்லை என்று அர்த்தம்.

சட்டத்துக்கான விளக்கத்தை நான் இப்படி எழுதுகிறேன்: ‘பொருந்தும் தொழிலாளர் சட்டம் என்பது, வேலை நடக்கும் இடத்தில் அமலில் உள்ள சட்டங்கள், விதிகள், அரசாணைகள், நீதிமன்றத் தீர்ப்புகள், அந்த இடத்தைக் கட்டுப்படுத்தும் தொழிற்சங்க உடன்பாடுகள் ஆகியவை, அவற்றின் பிற்காலத் திருத்தங்கள் உட்பட.’ இதில் முக்கியமான சொற்கள் ‘வேலை நடக்கும் இடத்தில்’. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இன்ன நாட்டுச் சட்டப்படி இந்த ஒப்பந்தம் பொருள் கொள்ளப்படும் என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, தொழிலாளர் சட்டமும் அந்த நாட்டுடையதுதான் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். தறி எங்கே ஓடுகிறதோ அந்த ஊர்ச் சட்டம்தான் தறி ஓட்டுகிறவருக்கு.

எந்த நெறி, எந்தப் பதிப்பு

பெரும்பாலான தொழில்துறை நெறிகளுக்கு அடிவேர் ஒன்றுதான்: சர்வதேச தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வின் அடிப்படை உடன்படிக்கைகள். சங்கம் சேரும் உரிமை, கட்டாய உழைப்பு கூடாது, குழந்தை உழைப்பு கூடாது, பாகுபாடு கூடாது என்று 1998 பிரகடனத்தில் நான்கு தலைப்புகள் இருந்தன. 2022-இல் பாதுகாப்பான, ஆரோக்கியமான வேலைச் சூழல் ஐந்தாவதாகச் சேர்ந்தது. இப்போது மொத்தம் பத்து அடிப்படை உடன்படிக்கைகள். மிகப் பழையது 1930-இல் வந்த 29-ஆம் எண் உடன்படிக்கை, கட்டாய உழைப்பு பற்றியது.

இங்கே கைதேர்ந்த வக்கீல்களே வழுக்கும் ஓர் இடம் இருக்கிறது. ‘சப்ளையர் ஐ.எல்.ஓ. உடன்படிக்கைகளைப் பின்பற்ற வேண்டும்’ என்று எழுதுவார்கள். அந்த உடன்படிக்கைகள் அரசுகளைப் பார்த்துப் பேசுபவை. ‘உறுப்பு நாடு தன் சட்டத்தில் இன்னதைச் செய்ய வேண்டும்’ என்பதுதான் அவற்றின் நடை. ஒரு தையல் கூடம் அதை எப்படிப் பின்பற்றும்? அந்த உடன்படிக்கை சொல்லும் கொள்கையை, கம்பெனி செய்ய வேண்டிய காரியமாக மாற்றி எழுத வேண்டும். உதாரணத்துக்கு, தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் பற்றிய 1997-ஆம் வருட 181-ஆம் எண் உடன்படிக்கை, தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. என் ஒப்பந்தத்தில் அது இப்படி ஆகும்: ‘வேலைக்குச் சேர்வதற்காகத் தொழிலாளி யாருக்கும் எந்தக் கட்டணமும் கொடுத்திருக்கக் கூடாது. கொடுத்திருப்பது தெரிந்தால், தெரிந்த 30 நாளுக்குள் சப்ளையர் அதை அவருக்குத் திருப்பித் தர வேண்டும். தொழிலாளியின் கடவுச்சீட்டையோ அடையாள அட்டையையோ சப்ளையரோ ஏஜென்ட்டோ வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது.’ இதைப் படித்தால் ஆள் எடுக்கும் அலுவலருக்கு நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும்.

கம்பெனிகளுக்காகவே எழுதப்பட்ட நெறிகளில் இந்தச் சிக்கல் குறைவு. 1997-இல் வந்த எஸ்.ஏ.8000, தொழிலாளர் நிலை பற்றிய, சான்றிதழ் தரக்கூடிய தரநிலை. இ.டி.ஐ. (எதிகல் டிரேடிங் இனிஷியேட்டிவ்) என்பது கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்த கூட்டமைப்பு; அதன் அடிப்படை நெறியில் ஒன்பது தலைப்புகள், நான்கைந்து பக்கத்துக்குள் அடங்கும். முதல் தடவை எழுதுகிறவர்களுக்கு நான் அதைத்தான் கையில் கொடுப்பேன். மின்னணுத் துறையில், ரெஸ்பான்சிபிள் பிசினஸ் அலையன்ஸ் என்ற கம்பெனிகள் கூட்டமைப்பின் ஆர்.பி.ஏ. நெறி. மூன்றையும் சேர்த்துப் போட்டால் பாதுகாப்பு மூன்று மடங்கு என்று நினைக்காதீர்கள்; குழப்பம்தான் மூன்று மடங்கு. ஒன்றை எடுங்கள். பெயர், பதிப்பு, வருடம் குறிப்பிட்டு அந்த நெறியின் முழு வாசகத்தையும் ஒப்பந்தத்தோடு இணைப்பாகச் சேருங்கள். இணையத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளவும் என்று முகவரி கொடுத்தால் அது நாளைக்கே மாறிப்போகலாம்.

‘அவ்வப்போது திருத்தப்படும் நெறி’ என்ற சொற்றொடரைச் சட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். நெறிக்கு வேண்டாம். புதிய பதிப்பு வந்தால் வாங்குபவர் 90 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். செலவு கூடுமானால் விலை பற்றிப் பேச சப்ளையருக்கு உரிமை உண்டு என்று எழுதுங்கள். விற்கும் பக்கம் வந்த பிறகுதான் இந்த இரண்டு வரிகளின் அருமை எனக்குப் புரிந்தது.

சட்டமும் நெறியும் மோதினால்? ‘எது தொழிலாளிக்கு அதிகப் பாதுகாப்பு தருகிறதோ அது’ என்பது வழக்கமான விடை; பெரும்பாலும் போதும். சட்டமே ஒன்றைத் தடுக்கிற இடத்தில் போதாது. சங்கம் சேரும் உரிமையைச் சட்டம் கட்டுப்படுத்தும் நாட்டில், தொழிலாளர்கள் சுதந்திரமாகக் கூடிப் பேச வேறு வழி அமைவதற்கு முதலாளி உதவ வேண்டும், தடுக்கக் கூடாது என்கிறது இ.டி.ஐ. நெறி. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஓவர்டைம் ஷரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்

மோசமான வாசகம்: ‘ஓவர்டைம் அளவுக்கு மீறி இருக்கக் கூடாது.’ யாருடைய அளவு?

நான் எழுதுவது: ‘ஏழு நாட்களில் மொத்த வேலை நேரம், ஓவர்டைமும் சேர்த்து, 60 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஏழு நாளில் ஒரு நாள் முழு ஓய்வு. ஓவர்டைம் தொழிலாளியின் சம்மதத்தோடு மட்டும். அதற்கான கூலி வழக்கமான கூலியில் ஒன்றேகால் மடங்குக்குக் குறையக் கூடாது. வேலை நடக்கும் இடத்தின் சட்டம் இதைவிடக் குறைந்த நேரமோ கூடிய கூலியோ சொன்னால் அதுவே பொருந்தும்.’

இந்த எண்கள் நானாகப் போட்டவை அல்ல. வாரம் 60 என்ற உச்சவரம்பு பல நெறிகளில் இருக்கிறது. ஒரு நாளைக்கு 8, வாரத்துக்கு 48 என்பதும், ஓவர்டைமுக்கு ஒன்றேகால் மடங்கு என்பதும் 1919-இல் ஐ.எல்.ஓ. போட்ட முதல் உடன்படிக்கையிலேயே இருப்பவை.

எண் எழுதியாயிற்று. ஆனால் எதைப் பார்த்து அதைச் சரிபார்ப்பது? அந்த ஒரே மைப் பதிவேட்டை ஏமாந்து ஏற்றுக்கொள்ளவா? ஆகவே அடுத்த வரியில் ஆவணங்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: நுழைவாயில் பதிவு, கூலிச் சீட்டு, வங்கிக் கணக்கில் கூலி ஏறியதற்கான பட்டியல், உற்பத்திப் பதிவு, ஆள் அனுப்பும் ஏஜென்ட்டுடன் போட்ட ஒப்பந்தம். ஒன்றைப் பொய்யாக எழுதலாம். ஐந்தும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி பொய் எழுதுவது பெரிய வேலை. வருகைப் பதிவேடு 5.30-க்கு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிய நாளில், உற்பத்திப் பதிவு இரவு 11 மணிக்கு 400 உருப்படி தைத்ததாகச் சொல்லும்.

ஆடிட்டும் சான்றிதழும்

சோதிக்கும் உரிமையை எல்லோரும் எழுதுகிறார்கள். முன்னறிவிப்போடு எத்தனை தடவை, முன்னறிவிப்பின்றி எத்தனை தடவை, செலவு யாருடையது என்பதை எழுதுகிறவர்கள் பாதிப் பேர். தொழிலாளியிடம் தனியாகப் பேச வேண்டும், மேற்பார்வையாளர் அந்த அறையில் இருக்கக் கூடாது, பேசியவரைப் பழிவாங்கக் கூடாது என்று எழுதுகிறவர்கள் வெகு சிலர். ஒரு தடவை ஆடிட்டருடன் நானும் போயிருந்தேன். மேனேஜர் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பதினோரு பேரிடம் கேட்டோம். பதினோரு பேரும் ஒரே பதிலை, ஒரே சொற்களில், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்கள்.

சான்றிதழை மட்டும் நம்பி எழுதாதீர்கள். 2012 செப்டம்பரில் கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலை தீப்பிடித்து 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தத் தொழிற்சாலைக்கு எஸ்.ஏ.8000 சான்றிதழ் கிடைத்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அடுத்த வருடம் ஏப்ரல் 24-இல் வங்காளதேசத்தில் ராணா பிளாசா இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் போனார்கள். அந்தக் கட்டடத்தில் இருந்த சில தொழிற்கூடங்களில் அதற்கு முன் ஆடிட் நடந்திருந்தது. கட்டடம் தாங்குமா என்பது அந்த ஆடிட்டின் எல்லைக்குள் வரவில்லை. ஆகவே கட்டட உறுதிச் சான்று, தீயணைப்பு அனுமதி, வெளியேறும் கதவுகள் வேலை நேரத்தில் பூட்டப்படாமல் இருப்பது ஆகிய மூன்றையும் தனியாகக் குறிப்பிட்டுக் கேளுங்கள். ‘பாதுகாப்பான வேலைச் சூழல்’ என்பதற்குள் எல்லாம் அடக்கம் என்று விட்டுவிட வேண்டாம்.

உரிமை, கடமை வித்தியாசத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பல நாட்டுத் தொழிலாளர்கள் சேர்ந்து ஒரு பெரிய சில்லறை வணிக நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கில், 2009-இல் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இதுதான்: சப்ளையர்களைச் சோதிக்கும் உரிமையை நிறுவனம் தனக்கு வைத்துக்கொண்டது, சோதித்தே தீருவேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை, ஆகவே தொழிலாளர்கள் அந்த ஷரத்தைப் பிடித்து வழக்காட முடியாது. வாங்குபவரின் வக்கீல் ‘சோதிக்கலாம்’ என்பதைச் ‘சோதிக்க வேண்டும்’ என்று மாற்ற ஏன் ஒப்ப மாட்டார் என்பது இப்போது விளங்கியிருக்கும். தொழிலாளிக்கும் உரிமை தர வேண்டும் என்று உண்மையிலேயே நினைத்தால், அதை வெளிப்படையாக ஒரு வரியில் எழுத வேண்டும். தானாக வராது.

கீழே கைமாறும் வேலை

உங்கள் ஒப்பந்தம் ஒருவரோடு. வேலை நடப்பது நாலாவது ஆளிடம். எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் வெளியே வேலை கொடுக்கக் கூடாது, அனுமதி பெற்றால் இதே ஷரத்துகளை அந்த ஒப்பந்தத்திலும் போட வேண்டும், வேலை நடக்கும் எல்லா இடங்களின் முகவரியும் இணைப்பில் இருக்க வேண்டும். இவ்வளவுதான். ஆள் அனுப்பும் ஏஜென்ட்டையும் உள் ஒப்பந்தக்காரர் என்றே கணக்கில் எடுக்க வேண்டும் என்று சேர்க்க மறக்காதீர்கள். தப்பிக்கும் ஓட்டை பெரும்பாலும் அங்கேதான்.

மீறினால் என்ன

ஆரம்பத்தில் நான் ‘எந்த மீறல் நடந்தாலும் உடனடி ரத்து’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். கறாராக இருக்கிறேன் என்ற பெருமை வேறு. ஒரு கூலிச் சீட்டில் தவறு என்றாலும் ஆர்டர் போய்விடும் என்று தெரிந்தால் சப்ளையர் கூலிச் சீட்டைத் திருத்த மாட்டார், மறைப்பார். நானே அவருக்கு ஒரே மைப் பேனாவை வாங்கிக் கொடுத்த மாதிரி.

இப்போது இரண்டாகப் பிரிக்கிறேன். முதல் பட்டியல் சிறியது: கட்டாய உழைப்பு, குழந்தை உழைப்பு, பூட்டிய கதவு, போலிப் பதிவேடு, புகார் சொன்னவரைப் பழிவாங்குவது. இவற்றுக்கு உடனடி நடவடிக்கை. அப்போதும் குழந்தையை வாசலில் விட்டுவிட்டுக் கதவைச் சாத்துவது தீர்வு ஆகாது. படிப்புக்கு வழி செய்து, அந்த வீட்டு வருமானம் ஒரேயடியாக நின்றுபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன். மற்ற மீறல்கள் எல்லாவற்றுக்கும் திருத்தத் திட்டம்: 15 நாளில் காரணம் கண்டறிந்து எழுதித் தர வேண்டும், 60 நாளில் சரிசெய்ய வேண்டும், குறைத்துக் கொடுத்த கூலியைத் தொழிலாளிக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டும். தானாக முன்வந்து சொன்ன மீறலுக்கு அபராதம் கிடையாது. ரத்து கடைசியில்தான், அப்போதும் முடிந்த வேலைக்கான பணமும் தொழிலாளர் கூலிப் பாக்கியும் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

பணத்தை நிறுத்திவைக்கும் உரிமை நாம் புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. அரசு ஒப்பந்தங்களில் நியாயமான கூலி தர வேண்டும் என்று பிரிட்டிஷ் மக்களவை 1891-இலேயே தீர்மானம் போட்டது. அமெரிக்காவில் 1931-இன் டேவிஸ்-பேக்கன் சட்டம் வந்தது. 1949-இல் ஐ.எல்.ஓ.வின் 94-ஆம் எண் உடன்படிக்கை, பொது ஒப்பந்தங்களில் தொழிலாளர் ஷரத்து பற்றியே தனியாக எழுதப்பட்டது. கூலி வந்து சேராவிட்டால் ஒப்பந்தக்காரருக்குத் தர வேண்டிய பணத்தை நிறுத்தி, தொழிலாளிக்குக் கூலி கிடைக்க வழி செய் என்கிறது அது. வேலையிடத்தில் கண்ணில் படும்படி கூலி, நேர விவரங்களை ஒட்டிவை என்றும் சொல்கிறது. தனியார் ஒப்பந்தங்களிலும் இந்த இரண்டையும் தாராளமாகப் போடலாம். எனக்குத் தெரிந்து வேலை செய்கிற ஷரத்துகள் இவைதான். ‘வாங்குபவருக்கு ஏற்படும் இழப்பைச் சப்ளையர் ஈடுசெய்வார்’ என்ற வரி வாங்குபவரின் பணப்பெட்டியைக் காக்கும்; தறிக்காரருக்கு அதில் காலணாகூடக் கிடையாது.

வாங்குபவருக்கும் கடமை உண்டு

அந்தப் பதிவேட்டுக் கதைக்கு ஒரு மிச்சம் இருக்கிறது. எதற்காக அந்த மாதம் விடுமுறை நாளிலும் ஆலை ஓடியது என்று தேடிப் பார்த்தேன். கப்பலேற ஒன்பது நாள் இருக்கும்போது எங்கள் கம்பெனி நிறத்தை மாற்றியிருந்தது. தேதியை மாற்றவில்லை. தாமதத்துக்கு நாளொன்றுக்கு இத்தனை சதவீதம் அபராதம் என்ற ஷரத்தும் நான் எழுதியதுதான். ஒரே ஒப்பந்தத்தின் பன்னிரண்டாம் பிரிவில் ‘சட்டத்தை மீறாதே’ என்றும், ஏழாம் பிரிவில் ‘மீறாவிட்டால் அபராதம்’ என்றும் எழுதி வைத்திருந்தேன்.

ராணா பிளாசாவுக்குப் பிறகு 2013 மே மாதத்தில் பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட வங்காளதேச அக்கார்டு என்ற தொழிற்சாலைப் பாதுகாப்பு உடன்பாடு, இதை வேறு மாதிரி கையாண்டது. பாதுகாப்புக்கான செலவைத் தொழிற்சாலை தாங்கும்படி வியாபார நிபந்தனைகளைப் பேசி முடிப்பது பிராண்டுகளின் கடமை என்று அதில் இருந்தது. வெறும் உறுதிமொழியாகவும் நின்றுவிடவில்லை. நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்ற ஷரத்து இருந்ததால் சங்கங்கள் இரண்டு பிராண்டுகளை ஹேக் நகரில் நடுவர் முன் நிறுத்தின. 2018-இல் அதில் ஒன்று 23 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது.

ஆகவே மூன்று வரிகள் சேருங்கள். ஒன்று, கடைசி நேரத்தில் அளவோ வடிவமோ மாறினால் தேதியும் தானாகத் தள்ளிப்போகும், அபராதம் இல்லை. இரண்டு, ஒப்பந்தக் காலத்தில் குறைந்தபட்சக் கூலி சட்டப்படி உயர்ந்தால், விலையில் கூலியின் பங்கு எவ்வளவோ அந்த அளவுக்கு விலையும் உயரும். மூன்று, பணம் குறித்த நாளில் வரும். வாங்குபவர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். ஜெர்மனியில் 2023 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த சப்ளைச் சங்கிலிச் சட்டம் மாதிரி, தன் சப்ளையரிடம் என்ன நடக்கிறது என்று பார்ப்பது வாங்குபவரின் கடமை என்று சொல்லும் சட்டங்கள் வந்த பிறகு, பழியைக் கீழே தள்ளிவிட்டுச் சும்மா இருக்க அவர்களாலும் முடிவதில்லை.

நீங்கள் சின்ன சப்ளையரா? நாற்பது பக்க நெறியை அனுப்பி, கையெழுத்துப் போட்டு அனுப்பு என்றால் பயப்பட வேண்டாம். இன்றைக்கே உங்களால் முடியாதவை எவை என்று நேர்மையாக ஒரு பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை மாதம் வேண்டும் என்று எழுதி அதையும் இணைப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள். ‘முழுமையாகப் பின்பற்றுகிறேன் என்று உறுதியளிக்கிறேன்’ என்ற வரியில் பொய்யாகக் கையெழுத்திட்டால், முதல் நாளே ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள்.

வேலை நடக்கும் ஊரின் தொழிலாளர் வக்கீல் ஒருவரிடம் வரைவைக் காட்டுவது அவசியம். அது எல்லோரும் சொல்வது. நான் இன்னொருவரிடமும் காட்டுகிறேன்: இரவு ஷிப்ட் சூப்பர்வைசர். போன வருடம் ஒருவர் ஓவர்டைம் ஷரத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, “எல்லாம் சரிங்க. வாரம் அறுபது மணி முடிஞ்ச அன்னிக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல லாரி வந்து நின்னா, நான் யாருக்குப் போன் பண்றது?” என்றார். யாரிடமும் பதில் இல்லை. அன்றைக்கே ஒரு வரி சேர்த்தோம்: ‘வேலை நேர வரம்பு முடிந்த நிலையில் சரக்கு ஏற்ற வேண்டி வந்தால், ஷிப்ட் சூப்பர்வைசர் இணைப்பு 4-இல் உள்ள வாங்குபவரின் பொறுப்பாளரை அழைத்துச் சொன்னால் போதும், சரக்கு மறுநாள் காலை ஏற்றப்படும், இதற்குத் தாமத அபராதம் பொருந்தாது.’